ஷின்-ஓசாகாவோட முடிஞ்சு போற பாஸ்

ஜப்பான் போயிட்டு வந்ததுல இருந்து தெரிஞ்சவங்க யார் போன் பண்ணாலும் கேக்கறது இதான், ரயில் பாஸ் எடுத்தியா, எடுக்கலாமா, காசு மிச்சமாகுமா. வாட்ஸ்அப்ல ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா வாய்ஸ் நோட் அனுப்பி தொண்டை கட்டிருச்சு, அதான் ஒரேடியா இங்க எழுதி வச்சிடலாம்னு உட்கார்ந்துட்டேன். நானும் அம்மாவும் மட்டும் நவம்பர்ல பத்து நாள் போனோம். அம்மாவுக்கு வயசு 66, முட்டி வலி உண்டு, ஆனா ஜன்னல் சீட்டு கிடைச்சா எவ்வளவு தூரம் வேணா உட்கார்ந்து வருவாங்க. அதனால இந்த ட்ரிப்பே ரயிலை நம்பிதான் போட்டோம்.

ஜப்பான் பாஸ்னு சொன்னதும் எல்லாருக்கும் ஞாபகம் வர்றது நாடு முழுக்க செல்லுபடியாகற அந்த பெரிய ஜேஆர் (ஜப்பான் ரயில்வேஸ்) பாஸ்தான். முன்னாடி அது நல்ல டீல், கண்ணை மூடிட்டு வாங்கலாம். 2023 அக்டோபர்ல விலையை ஏத்துனாங்க பாருங்க, ஏழு நாள் சாதா பாஸ் 29,650 யென்ல இருந்து நேரா 50,000 யென். டோக்கியோ - கியோட்டோ போயிட்டு வர்றதுக்கு தனியா டிக்கெட் எடுத்தாலே 28,000 பக்கம்தான் வரும், அப்புறம் எதுக்கு 50,000? தினம் ஒரு ஊரு, தினம் நாலஞ்சு மணி நேரம் ரயில்னு ஓடறவங்களுக்குத்தான் அது இப்ப கட்டுப்படியாகும். எங்களால அப்படி ஓட முடியாது, ஓடவும் இஷ்டமில்ல.

ஆனா வட்டார பாஸ்னு தனியா நிறைய இருக்கு, நிறைய பேர் அந்தப் பக்கம் பார்க்கறதே இல்ல. நாங்க எடுத்தது கன்சாய் - ஹிரோஷிமா ஏரியா பாஸ், கன்சாய்ங்கிறது ஓசாகா, கியோட்டோ எல்லாம் இருக்கற வட்டாரம். தொடர்ச்சியா அஞ்சு நாள், நான் வாங்கினப்ப ஒரு ஆளுக்கு 17,000 யென், நம்ம காசுக்கு ஒம்பதாயிரத்து சொச்சம். ஓசாகாவோட புல்லட் ட்ரெயின் ஸ்டேஷனான ஷின்-ஓசாகால இருந்து ஹிரோஷிமா போற நோஸோமி புல்லட் ட்ரெயினுக்கு ஒரு பக்கத்துக்கே பத்தாயிரம் யென்னுக்கு மேல ஆகுது, அப்ப ஒரே ஒரு நாள் ஹிரோஷிமா போயிட்டு வந்தாலே பாஸ் காசு கைக்கு வந்துருது, மீதி நாலு நாளும் நமக்கு சும்மா கிடைச்ச மாதிரி. இன்னொரு விஷயம், பெரிய ஜேஆர் பாஸ் வச்சிருந்தா நோஸோமில ஏற தனியா காசு கட்டணும், ஆனா இந்த சின்ன பாஸ்ல அதோட எல்லைக்குள்ள நோஸோமி அப்படியே அடக்கம். விலை கம்மி, வசதி கூட, அதை முதல்ல படிச்சப்ப எனக்கே நம்பிக்கை வரல, ரெண்டு மூணு தடவை திரும்பப் படிச்சேன்.

அந்த "எல்லைக்குள்ள"ங்கிற வார்த்தைலதான் எல்லாமே இருக்கு. அதை நான் பணம் கட்டித்தான் கத்துக்கிட்டேன், அதை சொல்றேன்.

பாஸோட முதல் நாள் ஹிரோஷிமா. தங்கினது கியோட்டோல. காலைல கியோட்டோல இருந்து ஷின்கைசோகுன்னு ஒரு சாதா ஃபாஸ்ட் ட்ரெயின் பிடிச்சு 25 நிமிஷத்துல ஷின்-ஓசாகா, அங்க மாறி நோஸோமி, ஒன்றரை மணி நேரத்துக்குள்ள ஹிரோஷிமா. எல்லாம் பிளான் பண்ண மாதிரியே நடந்துச்சு. அமைதிப் பூங்காவுக்கு ஸ்டேஷன்ல இருந்து மேய்ப்புரு-ப்புன்னு ஒரு சுத்து பஸ் போகுது, அதுவும் பாஸ்லயே ஏறிக்கலாம். அந்த இடத்தைப் பத்தி நான் இங்க எழுதல, ரயில் பாஸ் பேசற இடத்துல ஒரு பத்தில சொல்லிட்டுப் போற விஷயம் இல்ல அது. மத்தியானம் சாதா ட்ரெயின்ல அரை மணி நேரம் மியாஜிமாகுச்சி, அங்க இறங்கி மியாஜிமா தீவுக்குப் படகு. ரெண்டு படகு கம்பெனி பக்கத்து பக்கத்துல இருக்கு, ஜேஆர் படகுல மட்டும்தான் பாஸ் செல்லும், அதுலயும் பகல் நேரத்துல போறது கடலுக்குள்ள நிக்கிற அந்த ஆரஞ்சு தோரி வாசலை ஒட்டி வளைஞ்சு போகுது, பத்து நிமிஷப் பயணம்தான். தீவுக்குள்ள போறதுக்குன்னு ஆளுக்கு 100 யென் வரி இருக்கு, அது பாஸ்ல வராது, தனியா கட்டிடணும். நாங்க போனப்ப தண்ணி ஏறி இருந்துச்சு, அம்மா படகோட கம்பியைப் பிடிச்சிட்டு கை எடுத்துக் கும்பிட்டாங்க, எந்த சாமின்னு கேக்கல, எந்த சாமியா இருந்தா என்னன்னு அவங்களே சொன்னாங்க.

திரும்பி வர்றப்பதான் ஆச்சு. ஹிரோஷிமால சாயங்காலம் நோஸோமி ஏறினோம், ரிசர்வ் இல்லாத பெட்டி, நல்ல வேளையா ரெண்டு சீட்டு சேர்ந்தே கிடைச்சுது. கோபே தாண்டறதுக்குள்ள அம்மா என் தோள்ல சாஞ்சு தூங்கிட்டாங்க. ஷின்-ஓசாகா வந்துச்சு. அந்த வண்டி டோக்கியோ வரைக்கும் போற வண்டி, அடுத்த ஸ்டாப்பே கியோட்டோ, கால் மணி நேரம்தான். எழுப்பி, படி ஏற வச்சு, வேற பிளாட்பாரம் கூட்டிப் போய், கூட்டத்துல நிக்க வச்சு எதுக்கு, இதே வண்டில உட்கார்ந்தபடியே போயிடலாமேன்னு தோணிச்சு. காலைல ஏன் ஷின்-ஓசாகால மாறினோம்னு யோசிச்சிருந்தா புரிஞ்சிருக்கும், நான் யாரோ போட்ட ரூட்டை அப்படியே காப்பி பண்ணினவ, காரணம் யோசிக்கல.

கியோட்டோ கேட்ல பாஸை விட்டேன். அந்த கேட் எப்படின்னா டிக்கெட்டை ஒரு பக்கம் துவாரத்துல வச்சா சர்ர்னு உள்ள இழுத்து அந்தப் பக்கம் தலையை நீட்டிட்டு நிக்கும், நாம நடந்து போற வேகத்துலயே எடுத்துக்கணும். இந்த தடவை ரெண்டு சின்னக் கதவும் டப்புனு மூடிக்கிச்சு, சிவப்பு லைட். பின்னாடி வரிசை. அம்மா தூக்கக் கலக்கத்துல "என்னடி ஆச்சு, டிக்கெட்ட தொலைச்சிட்டியா"ன்னு கேக்கறாங்க. ஓரத்து கேபின்ல ஒரு வயசான ஊழியர், வெள்ளைக் கையுறை போட்டிருந்தார், பாஸை வாங்கிப் பார்த்துட்டு ஒரு லேமினேட் பண்ண மேப்பை எடுத்து மேல வச்சார். ஹிரோஷிமால விரலை வச்சு அப்படியே கோடு மேலயே இழுத்துட்டு வந்து ஷின்-ஓசாகால நிறுத்தினார். ஓகேன்னார். அங்க இருந்து கியோட்டோ வரைக்கும் ஒரு விரக்கடை கூட இல்ல, அதைத் தொட்டு ரெண்டு கையையும் குறுக்க வச்சு காட்டினார். அவ்வளவுதான் பேச்சு, கோபமே இல்ல, ரொம்ப மரியாதையா கால்குலேட்டர்ல தொகையைத் தட்டிக் காட்டினார். ஆளுக்கு 1,400 யென் சொச்சம், கட்டிட்டு வந்தோம். சாதா ட்ரெயின்ல வந்திருந்தா பத்து காசு ஆகியிருக்காது.

ராத்திரி ரூம்ல உட்கார்ந்து அப்பதான் ஒழுங்கா படிச்சேன். ஜப்பான் அரசாங்க ரயில்வே கடன்ல மூழ்கி, 37 லட்சம் கோடி யென்னுக்கு மேல கடன், 1987 ஏப்ரல் 1ஆம் தேதி அதை உடைச்சாங்க. பயணிகள் ரயிலுக்கு மட்டும் ஆறு கம்பெனி, சரக்குக்கு தனியா ஒண்ணு. டோக்கியோ - ஷின்-ஓசாகா புல்லட் லைன், 1964ல போட்ட முதல் லைன், அது ஜேஆர் சென்ட்ரல் கைல. ஷின்-ஓசாகால இருந்து ஹகாத்தா வரைக்கும் போற சான்யோ லைன் ஜேஆர் வெஸ்ட் கைல. நம்ம பாஸ் ஜேஆர் வெஸ்ட் விக்கிற பாஸ். வண்டி ஒண்ணுதான், சீட் ஒண்ணுதான், ஆனா ஷின்-ஓசாகால கார்டு டிரைவர் எல்லாம் இறங்கி வேற ஆளுங்க ஏறறாங்க. அதை நான் ஜன்னல் வழியா பார்த்தேன் கூட, தொப்பி போட்ட ரெண்டு பேர் பெட்டியோட இறங்கி நடந்து போனாங்க, ஷிஃப்ட் முடிஞ்சுதுபோலன்னு நெனச்சேன். முடிஞ்சது ஷிஃப்ட் மட்டும் இல்ல, எங்க பாஸும்தான்.

அதனால நான் இப்ப எல்லார்கிட்டயும் சொல்றது, பாஸ் எங்கெல்லாம் போகுதுன்னு பார்க்கறதுக்கு முன்னாடி எங்க முடியுதுன்னு பாருங்க. விளம்பரத்துல கோட்டை, தீவு, கோயில் எல்லாம் படமா இருக்கும். முடியற இடம் மேப்ல ஒரு சின்னப் புள்ளி. அந்தப் புள்ளியை வச்சுத்தான் எங்க தங்கணும்கிறதையே முடிவு பண்ணணும். திரும்ப இதே ட்ரிப் போட்டா பாஸ் ஓடற அஞ்சு நாளும் நான் கியோட்டோல தங்க மாட்டேன், ஷின்-ஓசாகா ஸ்டேஷன் பக்கத்துலயே ரூம் எடுப்பேன். கியோட்டோல தங்கினதால தினமும் போக வர ஷின்கைசோகுல நின்னுட்டு வர வேண்டியதாச்சு, காலைல ஆபீஸ் கூட்டம், அம்மாவுக்கு சீட் கிடைக்கல, அந்த 25 நிமிஷம்தான் அவங்களுக்கு அன்னிக்கி பூரா நடந்ததை விட கஷ்டமா இருந்துச்சு.

ரெண்டாவது நாள் நடந்தது இதுக்கு நேர் எதிர். ஹிமேஜி கோட்டைக்குக் கிளம்பினோம், ஷின்-ஓசாகால இருந்து புல்லட் ட்ரெயின்ல அரை மணி நேரம். இறங்கினா மழைன்னா மழை அப்படி ஒரு மழை. ஸ்டேஷன்ல இருந்து கோட்டை நேர் ரோட்டுல ஒரு கிலோமீட்டர் இருக்கும், பிளாட்பாரத்துல இருந்து பார்த்தாலே தெரியணும், ஒண்ணும் தெரியல, வெள்ளையா ஒரு திரை. தனி டிக்கெட் எடுத்திருந்தா என்ன பண்ணியிருப்போம், காசு போட்டாச்சேன்னு குடையைப் பிடிச்சிட்டு நனைஞ்சுட்டே போயிருப்போம். கைல பாஸ் இருந்துச்சு. அம்மாதான் கேட்டாங்க, "இந்த வண்டி இன்னும் அந்தப் பக்கம் போகும்ல, போய்ப் பாப்போமே, அங்க மழை இருக்காதோ என்னவோ". கேட்டை விட்டு வெளியவே போகல, அதே பிளாட்பாரத்துல நின்னு அடுத்த வண்டி ஏறி 20 நிமிஷத்துல ஒகாயாமா. வெயில் அடிக்குது அங்க!

ஒகாயாமால மரைன் லைனர்னு ஒரு ரயில் நின்னுட்டு இருந்துச்சு, தகாமாட்சு போற வண்டி. தகாமாட்சு ஷிகோகு தீவுல இருக்கு, அது ஜேஆர் ஷிகோகு கம்பெனி எல்லை, முந்தின நாள் பட்ட பாட்டுக்கு நான் மேப்பை ஸூம் பண்ணி ஸூம் பண்ணிப் பார்த்தேன். பார்த்தா தகாமாட்சு வரைக்கும் பாஸ் செல்லும், எல்லை தாண்டி ஒரு வாலு மாதிரி நீட்டிக் கொடுத்திருக்காங்க. ஏறிட்டோம். நடுவுல செத்தோ பெரும்பாலம், மொத்தம் 13 கிலோமீட்டர் சொச்சம், மேல் தட்டுல கார், கீழ் தட்டுல ரயில். ரயில் பாலத்துக்குள்ள நுழைஞ்சதும் சத்தமே மாறிடுச்சு, தடதடன்னு அடியில இருந்து வருது. ஜன்னலுக்கு வெளிய இரும்பு சட்டம் ஒண்ணு ஒண்ணா வெட்டி வெட்டிப் போகுது, அதுங்களுக்கு நடுவுல கடல், கடல்ல குட்டி குட்டித் தீவு, ஒரு தீவுல நாலு வீட்டுக் கூரை, ஒரு படகு பின்னாடி வெள்ளைக் கோடு. அம்மா பாம்பன் பாலத்துல சின்ன வயசுல போனதை சொல்ல ஆரம்பிச்சாங்க, கடல் தண்ணி கைக்கு எட்டற மாதிரி இருக்கும், தாத்தா கையை இறுக்கிப் பிடிச்சிட்டு இருந்தாராம். இது அதை விட ரொம்ப உசரம், ஆனா அந்த பயம் கலந்த சந்தோஷம் அதேதான்னு சொன்னாங்க. இந்தப் பாலம் வர்றதுக்கு முன்னாடி ரயில்காரங்களே நடத்தின படகுலதான் ஜனங்க அக்கரைக்குப் போனாங்க, 1955 மே மாசம் மூடுபனில ரெண்டு படகு மோதி 168 பேர் செத்துட்டாங்க, அதுல பாதிக்கு மேல சுற்றுலா போன ஸ்கூல் பிள்ளைங்க. அந்த விபத்துக்கு அப்புறம்தான் பாலம் வேணும்ங்கிற பேச்சு வலுத்து, கட்டி முடிச்சு ரயில் ஓடினது 1988ல. இதை நான் திரும்பி வர்ற வழில போன்ல படிச்சு அம்மாகிட்ட சொன்னேன், அவங்க கொஞ்ச நேரம் கீழ தண்ணியையே பார்த்துட்டு வந்தாங்க.

தகாமாட்சுல ரித்சுரின் தோட்டத்துல ரெண்டு மணி நேரம் இருந்தோம், பைன் மரத்தை ஒவ்வொண்ணா வளைச்சு வளர்த்து வச்சிருக்காங்க, ஆனா எனக்கு அந்த நாள்னா அந்தப் பாலம்தான். அந்தப் பயணத்தை நாங்க பிளானே பண்ணல. பாஸ் எடுத்ததோட நிஜமான லாபம் இதுதான்னு நான் நெனக்கிறேன். வானத்தைப் பார்த்து அன்னிக்கி ரூட்டை மாத்திக்க முடியுது. மூணாவது நாள் பளிச்சுனு வெயில், திரும்ப ஹிமேஜி போனோம், கோட்டை அப்படியே வெள்ளையா கொக்கு மாதிரி நின்னுச்சு, அதுக்கு வெள்ளைக் கொக்குக் கோட்டைன்னே பேரு. உள்ள மரப்படி செங்குத்தா இருக்கு, முட்டி வலி உள்ளவங்க கீழ முற்றத்துலயே உட்கார்ந்து பார்க்கறது நல்லது, அம்மா அப்படித்தான் பண்ணாங்க.

ஆனா இதுல இன்னொரு பக்கமும் இருக்கு. பாஸ் கைல இருந்தா மனசு கணக்குப் போட ஆரம்பிச்சிடுது, இன்னிக்கி இவ்வளவுதான் ஓட்டினோம், இன்னும் ஒரு ஊர் பார்த்தா இன்னும் லாபம்னு. நாலாவது நாள் நாரா. ஜேஆர்ல போனா பாஸ், காசு இல்ல. கின்டெட்சுன்னு ஒரு தனியார் லைன் இருக்கு, அதுல ஆளுக்கு 760 யென், பாஸ் செல்லாது. ஆனா கின்டெட்சு ஸ்டேஷன்ல இறங்கினா மான் பூங்கா பக்கத்துலயே, ஜேஆர் ஸ்டேஷன்ல இறங்கினா அதே பூங்காவுக்கு இன்னும் கால் மணி நேரம் கூட நடக்கணும். நான் பாஸ் இருக்கேன்னு ஜேஆர் பக்கம் நடந்தேன், பாதில நின்னு அம்மா முகத்தைப் பார்த்தேன், திரும்பி வந்து கின்டெட்சு டிக்கெட் எடுத்தேன். அந்த 1,520 யென் இந்த ட்ரிப்ல நல்லா செலவு பண்ண காசு. மான் பிஸ்கட்டைப் பார்த்ததும் தலையைத் தலையை ஆட்டி கும்பிடுது, அம்மா பதிலுக்குக் கும்பிட்டாங்க, அதுக்குத் தெம்பு மிச்சம் இருந்துச்சுல்ல. ஃபுஷிமி இனாரிக்கு மட்டும் கண்ணை மூடிட்டு ஜேஆர் எடுங்க, கியோட்டோல இருந்து ரெண்டாவது ஸ்டாப், ஸ்டேஷனை விட்டு வெளிய வந்தா எதிர்லயே கோயில் வாசல்.

அஞ்சாவது நாளை நாங்க ஊருக்குக் கிளம்பற நாளா வச்சுக்கிட்டோம், இது ஒண்ணு மட்டும் நான் முன்கூட்டியே யோசிச்சு வச்சது. கன்சாய் ஏர்போர்ட் போற ஹருகா எக்ஸ்பிரஸ் பாஸ்ல அடக்கம். வந்து இறங்கின அன்னிக்கே பாஸை ஆரம்பிச்சா அன்னிக்கி களைப்புல ஒண்ணும் சுத்த முடியாது, ஒரு நாள் போயிடும். நாங்க முதல் அஞ்சு நாள், முன்னாடியே காசு ஏத்தி வச்சு கேட்ல தட்டிட்டுப் போற இகோகா கார்டுல சில்லறையா செலவு பண்ணி கியோட்டோ ஓசாகா பார்த்தோம், நேர வித்தியாசம் எல்லாம் உடம்புக்குப் பழகினதுக்கு அப்புறம் பாஸை ஆரம்பிச்சோம். நாள் கணக்கு நடுராத்திரி பன்னிரண்டுக்கு மாறும், 24 மணி நேரக் கணக்கு இல்ல, அதனால சாயங்காலம் ஆரம்பிச்சு ஒரு நாளைக் கரைச்சிடாதீங்க.

வாங்கறது பெரிய வேலை இல்ல. ஆன்லைன்ல பணம் கட்டிட்டு அங்க போய் பாஸ்போர்ட் படிக்கிற பச்சை மெஷின்ல எடுத்துக்கலாம், பாஸ்போர்ட் அசல் வேணும், ஜெராக்ஸ் செல்லாது. டூரிஸ்டா குறுகிய காலத்துக்கு வர்றவங்களுக்கு மட்டும்தான், அங்க வேலை பார்க்கற நம்ம சொந்தக்காரங்க கூட சேர்ந்து எடுக்க முடியாது. கைக்கு வர்றது ஒரு சாதா டிக்கெட் சைஸ் அட்டை, தொலைஞ்சா திரும்பத் தர மாட்டாங்க, அம்மா ஒவ்வொரு கேட் தாண்டினதும் "உள்ள வச்சியா"ன்னு கேட்டுட்டே வந்தாங்க, கேக்கட்டும்னுதான் விட்டேன். வருஷக் கடைசி, மே முதல் வாரம், ஆகஸ்ட் நடுவுல போற மாதிரி இருந்தா கவனிக்கணும், அந்த நாட்கள்ல நோஸோமில எல்லா சீட்டும் ரிசர்வ்தான், ரிசர்வ் இல்லாத பெட்டியே கிடையாது, ஹிகாரி, சகுரான்னு இருக்கற மத்த புல்லட் வண்டிங்களைப் பாருங்க. அப்புறம் பெட்டி. நீளம் அகலம் உயரம் மூணையும் கூட்டினா 160 சென்டிமீட்டருக்கு மேல இருக்கற பெட்டின்னா அதுக்குன்னு பின்னாடி இடம் இருக்கற சீட்டை முன்னாடியே ரிசர்வ் பண்ணணும், ரிசர்வ் பண்ணா தனி காசு இல்ல, பண்ணாம ஏறினா 1,000 யென். நாங்க பெட்டியை ரூம்லயே விட்டுட்டு தினம் போயிட்டு வந்ததால இந்தப் பிரச்சினையே வரல.

இப்ப அம்மா அடுத்து கியூஷு போலாம்னு ஆரம்பிச்சிருக்காங்க, எரிமலை பார்க்கணுமாம். போன ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் சாப்பாட்டு மேசைல மேப்பை விரிச்சு உட்கார்ந்தோம். ஜேஆர் கியூஷுவுக்கும் தனி பாஸ் இருக்கு. நான் எரிமலையைத் தேடறதுக்கு முன்னாடி மேப்ல ரயில் லைனைப் பிடிச்சிட்டு வடக்க போனேன், எங்க முடியுதுன்னு. கோகுரா - ஹகாத்தா ரெண்டுமே கியூஷு தீவுக்குள்ள இருக்கற ஊருதான், ஆனா நடுவுல போற புல்லட் லைன் ஜேஆர் வெஸ்டோடது, அதே சான்யோ லைனோட கடைசித் துண்டு. கியூஷு பாஸ் அதுல செல்லாது. பக்கத்துலயே சோனிக்னு ஒரு எக்ஸ்பிரஸ் ஜேஆர் கியூஷு தண்டவாளத்துல போகுது, கொஞ்ச நேரம் கூட ஆகும், அதுல செல்லும். நான் பேனாவால அந்தத் துண்டை வட்டம் போட்டேன். அம்மா கண்ணாடியைப் போட்டுட்டு குனிஞ்சு பார்த்தாங்க, "இங்க நான் தூங்கினாலும் எழுப்பிடு"ன்னாங்க.